மாதையன் போட்ட கோடு

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத என்னைக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரில், பேச்சு வராத, ஆட்களோடு ஒட்டாத பிள்ளைகளுக்கு வேலை பழக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து இரண்டு பெண்கள் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"ஐயா, நாங்க படிச்சிட்டு வந்து இப்பத்தான் செய்யறோம். நீங்க எண்பதுலயே செஞ்சிருக்கீங்களாமே, எப்படீங்க?"

ஆட்டிசம் என்று ஒரு சொல் சொன்னார்கள். அன்றுதான் அதை முதல்முதலாகக் கேட்டேன். சொல்லே தெரியாமல் காரியத்தைச் செய்தவன் நான். பெருமையாகத்தான் சொல்கிறேன். தருமபுரி டவுனில் நான் இருக்கும் மாடி வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் டயரில் இருந்து வந்தது. அப்பன் வைத்துவிட்டுப் போனது ஒன்றுமில்லை. அதனால் இந்த முனியப்பன் கொஞ்சம் பெருமை பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்கள் போன பிறகு மூன்று டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தேன். என் வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று டம்ளர் கழுவி எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன். அன்றைக்கே நோட்டு வாங்கி எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பொம்மிடிப் பக்கம் பிறந்தேன். பத்து வயதில் லாரியில் கிளீனராக ஏறி, சேலத்தில் ஒரு ரீபட்டன் கடையில் இறங்கினேன். பட்டன் தேய்ந்த டயரைச் சுரண்டி, புது ரப்பர் ஒட்டி, அச்சில் போட்டு நீராவியில் வேகவைத்து மறுபடி ஓட விடுவதுதான் ரீபட்டன். டயர் மேலேயே படுத்துத் தூங்கி அந்தத் தொழிலைப் படித்தேன். எண்பதுகள் பிறந்தபோது தருமபுரியில், சேலம் ரோட்டில், ரஹீம் பாய் கடைக்கு நான் மேஸ்திரி. பாய் முதலாளி, ஆனால் கடை என் கையில் நடந்தது.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றுவார், முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டுவார், மறுபடி மாட்டிக்கொள்வார். பிறகு கேள்வி கேட்பார். கேள்வி மட்டும்தான் கேட்பார். பதில் சொல்லி முடிக்கும்போது தப்பு யாருடையது என்று நம் வாயாலேயே வந்திருக்கும்.

இந்தத் தொழிலில் முதல் வேலைதான் உயிர். வந்த டயரைச் சோதிக்க வேண்டும். இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, வாயை விரித்து, உள்ளே பல்பைத் தொங்கவிட்டு, விரலால் ஒவ்வொரு அங்குலமாகத் தடவிப் பார்க்க வேண்டும். ஆணி இருக்கலாம், வெட்டு இருக்கலாம், உள்ளே நூல் இற்றுப்போயிருக்கலாம். பழுதைக் கண்டால் சாக்பீஸால் ஒரு வட்டம். பழுது தெரியாமல் புது ரப்பர் ஏற்றினால் பார்வைக்குப் புது டயர். தொப்பூர் மலை இறக்கத்தில் பாரத்தோடு போகும்போதுதான் அதன் உண்மை தெரியும். அந்தச் சோதனையில் என்னை மிஞ்ச சேலத்திலிருந்து ஓசூர் வரைக்கும் ஆள் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

ஒருநாள் பழைய டயர் எடுக்க இண்டூருக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டுக் களத்தில், முப்பது வயதை எட்டப்போகிற ஆண் ஒருவனை இடுப்பில் கயிறு போட்டுப் புளியமரத்தில் கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு எட்டும் தூரத்தில் டயர் போட்ட ஒரு மாட்டுவண்டி நின்றது. அவன் வண்டிச் சக்கரத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தான். ஒரு இடம் வந்ததும் கை நிற்கும், திரும்பும், மறுபடி அதே இடத்தில் நிற்கும்.

"கிட்டப் போவாதீங்க, கடிச்சிரும்" என்றான் அவன் அண்ணன் கோவிந்தன்.

நான் போனேன். அவன் கை நின்ற இடத்தில் என் கையை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். ரப்பருக்கு உள்ளே, ஒரு உளுந்து அளவுக்கு, ஏதோ தடித்திருந்தது.

அவன் அம்மா சின்னப்பாப்பா முறத்தோடு வந்து நின்றாள். "பேரு மாதையனுங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டான். காது நல்லாத்தான் கேக்குது சாமி, அடுத்த தெருவுல ஆட்டுக்குட்டி கத்துனாக்கூடக் காதப் பொத்திக்குவான். அவுத்து வுட்டா ரோட்டோட போயிருவான். லாரி பஸ்ஸு பாக்க மாட்டான். பெத்தவ கட்டி வெச்சிருக்கறனேன்னு நெனைக்காதீங்க."

"நான் கூட்டிட்டுப் போறேன், ஆத்தா" என்றேன்.

கோவிந்தன் சிரித்தான். "எங்கீங்க, சர்க்கஸுக்கா?"

கடையிலும் சிரித்தார்கள். "மேஸ்திரி டயருக்கு ஜோசியம் பாக்கற ஆளக் கூட்டியாந்துட்டாருடோய்" என்றான் பாய்லர் குப்புசாமி. பாய் மட்டும் சிரிக்கவில்லை. "இவருக்கு என்ன வராதுன்னு பாத்தியா?" என்று கேட்டார். என்ன வரும் என்று பார்த்திருந்தேன். என்ன வராது என்று பார்க்கவில்லை.

முதல் நாளே தெரிந்துவிட்டது. டயரைச் சுரண்டும் மெஷின் ஓடத் தொடங்கியதும் மாதையன் தரையில் உட்கார்ந்து தலையைச் சுவரில் மோதினான். ரப்பர் சொல்யூஷன் நெடிக்கு வாந்தி எடுத்தான். ஒரு வாரம் பார்த்துவிட்டு, சோதிக்கிற ஸ்டாண்டைக் கழற்றிப் பின்பக்கக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். அங்கே சத்தம் குறைவு, நெடி இல்லை. டயரை எழுத்துள்ள பக்கம் சுவரைப் பார்க்க அடுக்கினால் அமைதியாக இருப்பான், ஒன்று திரும்பியிருந்தாலும் வேலை நின்றுவிடும். சரி, அப்படியே அடுக்கச் சொன்னேன். பின்னாலிருந்து தொட்டால் கத்துவான், அதனால் முன்னால் வந்து நின்ற பிறகுதான் எதையும் நீட்ட வேண்டும் என்றேன். வட்டம் போடச் சொல்லி ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். அவன் போட்டது கோடுதான். பழுதுள்ள இடத்தில், டயரின் உள்பக்கம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒரே இழுப்பில் ஒரு கோடு. கடைசியில் நான்தான் விட்டுக்கொடுத்தேன். வட்டம் என்றால் மற்றவர்கள், கோடு என்றால் மாதையன்.

இதையெல்லாம் செய்ய எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. செய்து முடித்தபோது, கடையில் ஒரு நாளைக்கு வருகிற டயர் முழுவதையும் அவன் ஒருவனே பார்த்தான். அவன் கையில் தப்பிய பழுதை நான் கண்டதில்லை. காலையில் இண்டூரில் அம்மா ஏழு மணி பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். அதே பஸ், அதே ஜன்னல் சீட், கண்டக்டர் கடை வாசலில் இறக்கிவிடுவார். இடுப்புக் கயிற்றைக் கோவிந்தன் மாட்டுக்கு எடுத்துக்கொண்டான்.

மதியம் மாதையன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து களி சாப்பிடுவான். எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷமே பிரசவத்தில் வீட்டுக்காரி போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. ஓட்டல் சாப்பாட்டை வாங்கிவந்து, நானும் அந்தக் கொட்டகையில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் தனியாகச் சாப்பிடுகிறேன் என்று எனக்கு அப்போது தோன்றியதில்லை.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. நான் இனி சொல்லப்போவதை அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. எழுத உட்கார்ந்த பிறகு மறைக்க முடியவில்லை.

நல்லம்பள்ளிப் பக்கத்து லாரி முதலாளி ஒருவர் ரீபட்டனுக்கு நான்கு டயர் போட்டிருந்தார். அவசரம் என்றார். மாதையன் மூன்றை விட்டுவிட்டு ஒன்றில் கோடு போட்டான். கோடு விழுந்த டயர் தனி அடுக்குக்குப் போய்விடும், அதில் ரப்பர் ஏறாது. லாரி முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. நானும் ஸ்டாண்டில் ஏற்றிப் பார்த்தேன். பல்பைக் கிட்டே வைத்துப் பார்த்தேன். விரலுக்கும் ஒன்றும் படவில்லை.

"உன் கைக்கு என்னய்யா தெரியுது?" என்றார்.

"ஒண்ணும் தெரியலீங்க."

"அப்பறம் என்ன? இந்தக் கடையில மேஸ்திரி நீயா, அந்தப் பைத்தியக்காரனா?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குப்புசாமி பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினான். ஈரத்துணியை எடுத்தேன். கோட்டை அழித்தேன். "ஏத்துங்கடா" என்றேன்.

வெள்ளிக்கிழமை மதியம் டயர் வெந்து வெளியே வந்தது. பளபளவென்று இருந்தது. வெளியே வரும் டயரைக் கடைசியாக ஒருமுறை மாதையனிடம் கொடுப்பது எங்கள் வழக்கம். பழக்க தோஷத்தில் பையன்கள் அதையும் கொட்டகைக்கு உருட்டிவிட்டார்கள். உள்ளே கையை விட்டான். அதே இடத்தில் கோடு போட்டான். லாரி முதலாளி டிரைவரோடு வந்து நின்றுகொண்டிருந்தார். நான் அவன் எதிரிலேயே அழித்தேன். மறுபடி போட்டான். மறுபடி அழித்தேன். சாக்பீஸை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். அவன் டயரைக் கட்டிக்கொண்டு அதன்மேல் படுத்துவிட்டான்.

நானும் குப்புசாமியும் இழுத்தோம். பின்னாலிருந்து. எதைச் செய்யக் கூடாது என்று நான் கடைக்கே சொல்லிவைத்தேனோ அதை நானே செய்தேன். அவன் போட்ட கத்தலில் ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். என் மணிக்கட்டைக் கடித்தான். தழும்பு இன்னும் இருக்கிறது. உதறிக்கொண்டு நேராக மெயின் ரோட்டுக்கு ஓடினான். சேலத்திலிருந்து வந்த லாரி ஒன்று பிரேக் போட்டு, ரோட்டில் கறுப்புக் கோடு இழுத்து, அவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தான். டீக்கடைக்காரர் ஒருவர் முன்னால் போய் நின்று, மெதுவாகப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

பாய் தொழுகை முடித்து வந்தார். கடை அமைதியாக இருந்ததைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"கோடு போட்டது யாரு?"

"மாதையன், பாய்."

"அழிச்சது யாரு?"

"நான்."

"எத்தன வாட்டி?"

"மூணு."

தொப்பியை மாட்டிக்கொண்டார். "அறு" என்றார். அவர் எனக்குக் கேள்வியாக இல்லாமல் சொன்ன ஒரே சொல் அதுதான்.

லாரி டயரை ரம்பத்தால் அறுப்பது லேசு இல்லை. ஓரத்தில் இரும்புக் கம்பி இருக்கும். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. கடித்த கையோடு நானே அறுத்தேன். அவன் கோடு போட்ட இடத்தைப் பிளந்தபோது, இரண்டு நூல் அடுக்குகளுக்கு நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு கம்பித் துண்டு இருந்தது. சுற்றிலும் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நூலில் துருக்கறை ஏறி, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே போன வழி மூடிப்போய்ப் பல நாள் ஆகியிருக்க வேண்டும்.

பாய் வேறொரு டயரை லாரி முதலாளிக்கு எடுத்துவைத்தார். டிரைவர்தான் அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இத முன் சக்கரத்துல மாட்டச் சொல்லியிருந்தாருங்க" என்றார். பீடி எடுத்தார், பற்றவைக்க வரவில்லை. பிறகு கேட்டார்:

"அவரு எங்கீங்க?"

மூன்று வருஷத்தில் பாயைத் தவிர வேறு யாரும் மாதையனை 'அவரு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

மறுநாள் அவன் வரவில்லை. ஏழு மணி பஸ் நிற்காமல் போயிற்று. அதற்கடுத்த நாளும் போயிற்று. இண்டூருக்குப் போனேன். புளியமரத்தடியில் இருந்தான். இடுப்பில் கயிறு.

"பஸ்ஸுல ஏத்துனா இறங்கிர்றான் சாமி. சோறும் எறங்கல" என்றாள் சின்னப்பாப்பா. "என்ன பண்ணுனீங்க எம் பையன?"

அவன் முன்னால் உட்கார்ந்து, தப்புதான், மன்னிச்சுக்க என்றேன். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்த நாள் மைசூர்பாகு வாங்கிப்போனேன். எறும்பு தின்றது. ஒரு புது சாக்பீஸ் டப்பா கொண்டுபோனேன். எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக அடுக்கினான், ஒன்றாலும் ஒரு கோடுகூட இழுக்கவில்லை.

கோவிந்தன் வரப்பில் நின்று சொன்னான்: "கடலக்காய் புடுங்கற நேரமுங்க. நானும் எங்கம்மாளும் காட்டுக்குப் போவோணும். ஞாயித்துக்கெழமக்குள்ள உங்க கடைக்கு வந்தான்னா வரட்டும். இல்லீன்னா இனி இந்தக் கவுத்துலதான் கெடப்பான். என்னைய குத்தம் சொல்லாதீங்க."

குற்றம் சொல்ல எனக்கு வாய் ஏது?

அன்று திரும்பும்போது பஸ்ஸில், அவன் உட்காரும் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். இழுத்ததற்கும் பிடுங்கியதற்கும் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்கு வாய் இல்லை. அவன் பேசிய பேச்சு அந்தக் கோடு ஒன்றுதான். அதைத்தான் நான் மூன்று முறை, அவன் எதிரில் இரண்டு முறை, துணியால் துடைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, அறுத்த டயர்த் துண்டைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். கண்டக்டர் லக்கேஜ் காசு கேட்டார், கொடுத்தேன். மரத்தடியில் துண்டை வைத்தேன். உள்பக்கத்தை அவன் பார்க்கத் திருப்பினேன். சாக்பீஸை எடுத்து, நான் அழித்த இடத்தில், நானே ஒரு கோடு போட்டேன். ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும். அது நேராக வரவில்லை.

ஒரு கோழி அந்தச் சாக்கைக் கொத்திவிட்டுப் போயிற்று. பிறகு அவன் கையை நீட்டி, என் விரல்களுக்கு நடுவிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டான். டயரை ஒருமுறை தடவினான். என் கோட்டுக்கு இரண்டு விரல் தள்ளி, ஒரே இழுப்பில் தன் கோட்டைப் போட்டான். சரியான இடம் அதுதான். என்னுடையதை அவன் அழிக்கவில்லை. மாதையன் யாருடைய கோட்டையும் அழித்தவன் இல்லை.

சின்னப்பாப்பா கிட்டே வந்து கயிற்றை அவிழ்த்தாள். திங்கட்கிழமை ஏழு மணி பஸ் கடை வாசலில் நின்றது.

பாய் அன்றைக்குப் பெயின்டரைக் கூப்பிட்டுக் கொட்டகைச் சுவரில் எழுதவைத்தார்: 'போட்ட கோட்டைப் போட்டவர்தான் அழிக்க வேண்டும்.' அதற்குப் பிறகு அந்தக் கடையில் முதலாளி வந்தாலும் சரி, மேஸ்திரி வந்தாலும் சரி, சட்டம் அதுதான்.

இந்தக் கதை பரவி, வேறு சிலரையும் என்னிடம் கூட்டிவந்தார்கள். பென்னாகரம் ரோட்டில் ஒரு பெண், யாரோடும் பேசாதவள், பட்டுப்புழுக் கூடுகளில் கறை படிந்ததையும் இரட்டைக் கூட்டையும் பொறுக்கித் தள்ளுவதில் ஐந்து பேர் வேலையைச் செய்தாள். அவளைச் சேர்த்துவிட்டது நான். பாலக்கோட்டுக்காரர் ஒருவர் எல்லாப் பஸ் நேரமும் சொல்வார். அவரை லாரி புக்கிங் ஆபீஸில் உட்காரவைத்தேன். கூட்டம் தாங்காமல் நான்காம் நாளே வீட்டுக்குப் போய்விட்டார். என்ன வரும் என்று மட்டும் பார்த்தேன், பாய் கேட்ட கேள்வியை மறந்துவிட்டேன். பிள்ளைகளுக்கு வேலை பழக்குகிறவர்களே, அந்தக் கேள்வியையும் கேளுங்கள். இடம் கொடுத்த பிறகு, அவர்கள் சொல்வதை நம்புங்கள். இரண்டாவதுதான் கஷ்டம். எனக்கு ஒரு டயர் அறுபட்ட பிறகுதான் வந்தது.

எண்பதுகள் முடியும்போது நான் தொப்பூர் பக்கம் சொந்தக் கடை போட்டேன். அந்தக் கதை தனி, அதையும் ஒருவர் உதவியும் இல்லாமல்தான் போட்டேன். மாதையனைக் கூப்பிட்டேன். அவன் ஸ்டாண்டின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டான். ஏழு மணி பஸ் தொப்பூர் போகாது. விட்டுவிட்டேன்.

பிற்பாடு என் கடையில் பதினாறு பேர் வேலை செய்தார்கள். மதியச் சோற்றை என் அறையில், மின்விசிறிக்குக் கீழே, மேஜையில் வைத்துத் தனியாகச் சாப்பிட்டேன். இப்போது பாயும் இல்லை, மாதையனும் இல்லை. அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது.

பாய் கடையில் என் கடைசி நாளைச் சொல்லி முடிக்கிறேன். மாலை போட்டார்கள், மிக்சர் கொடுத்தார்கள், குப்புசாமி அழுதான். கொட்டகைக்குப் போய் மாதையன் முன்னால் நின்று, "நான் போறேம்ப்பா" என்றேன். அவன் டயருக்குள் கையை விட்டபடி இருந்தான். எட்டு வருஷம் கூட இருந்தவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லையே என்று மனசு கனத்தது. மாலையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, சுவரோரம் நிறுத்தியிருந்த என் சைக்கிளை எடுக்கப் போனேன்.

பின் டயரில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், வெள்ளையாக ஒரு கோடு.

குனிந்து பார்த்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தடவிப் பார்த்தேன். என் விரலுக்கும் ஒன்றும் படவில்லை. என் அறை அங்கிருந்து நான்கு கிலோமீட்டர். சைக்கிளில் ஏறாமல், தள்ளிக்கொண்டே போனேன். மறுநாள் காலை அந்த டயரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினேன்.

பழையதை அறுத்துப் பார்க்கவில்லை. மாடியில் இருக்கிறது.